சூடம் சுடாத கை

உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கிக்கு வெற்றிலை பாக்கு வைத்துத் தட்சணை. ஒன்றுமே செய்யாத பெண்பிள்ளைக்குச் சூனியக்காரி என்று பட்டம். இந்த நியாயத்தை எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பட்டம் வாங்கியவள் என் அம்மா.

எதிர் வீட்டு மருமகளுக்கு அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டன. அவள் சொந்த அத்தை மகனைக் கட்டியவள். நெருங்கிய உறவில் கட்டினால் இப்படி ஆவதுண்டு என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். யார் காதிலும் ஏறவில்லை. அதை ஒப்புக்கொண்டால் தெருவில் பாதிக் கல்யாணம் தப்பு என்றாகிவிடுமே! அதற்குப் பதிலாக மகாராஜபுரம் பக்கமிருந்து ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள்.

"மேக்க பாத்த வாசல்லருந்து செய்வினை வருது" என்றான் அவன்.

மேற்கே பார்த்த வாசல்கள் தெருவில் எத்தனையோ இருந்தன. ஆம்பளை இல்லாத வீடு எங்களுடையது மட்டும். அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் இருந்திருந்தால் அந்தக் கோடாங்கிக்கு வேறு திசை தெரிந்திருக்கும்.

சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துவிட்டால், பொய்யோ மெய்யோ அது சாமி பாடு, மனிதர்கள் வாயைத் திறக்கக்கூடாது. அதை நம்பித்தான் அம்மா அம்மன் கோயில் வாசலில் போய் நின்றாள்.

"நெசமா நீ செய்யலைன்னா அணைட்டி பாப்போம்" என்றாள் எதிர் வீட்டு மாமியார்.

அம்மா உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. பால்கோவா பட்டறையில் கொதிக்கிற சட்டியோடு வருஷக்கணக்காகப் பழகிய கை அது. சூடம் என்ன செய்யும்?

"பாத்தியளா? நெருப்பே இவள ஒண்ணும் பண்ணல. லேசுப்பட்டவ இல்ல" என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். அதோடு முடிந்தது. கை பொசுங்கியிருந்தால் சாமி தண்டித்தது என்றிருப்பார்கள். எப்படியும் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார்கள்.

அவள் கிளறிய பால்கோவாவை யாரும் வாங்க மாட்டார்கள் என்று பட்டறைக்காரர் வேலையை விட்டு நிறுத்தினார். குழாயடியில் அம்மா குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டார்கள். வீட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ராஜபாளையம் வந்தோம். அம்மாவுக்கு ஒரு மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்கும் வேலை கிடைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பேச்சு அங்கேயும் வந்து சேர்ந்தது. எனக்கு வந்த இரண்டு வரன்கள் அதனாலேயே தட்டிப்போயின. இன்றுவரை அந்தத் தெருவை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

தொண்ணூறுகளில் ஒரு நாள் மத்தியானம் அதே மாமியார் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் தட்டு, வெற்றிலை, பழம்.

"மருமவளுக்கு இனிமே புள்ள தங்காது போல. பையனுக்கு வேற கட்டணும், இவ போமாட்டேங்கா. நீதான் எதாவது வச்சு அவள ஒதுக்கி விடணும். ஒனக்குத் தெரியாததா?"

கூடப் பிறந்த அண்ணன் மகளைப் பற்றித்தான் இப்படிக் கேட்டாள். எனக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி அவள் தலையிலேயே கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடம் நிதானமாகக் கேட்டாள்:

"எனக்கு மட்டும் அது தெரிஞ்சிருந்தா மதினி, இம்புட்டு வருசம் நீங்க உசுரோட இருந்திருப்பியளா?"