பின்னணி இசை இல்லாத முதல் டிராஃப்ட்

"நீங்க கதை சொல்ல வேணாம் டைரக்டரே. எங்க வீட்டுக்காரி படிக்கட்டும், நாம ரெண்டு பேரும் கேப்போம்" என்றார் அந்தோணி அண்ணன். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர். என் முதல் படத்தைத் தயாரிப்பதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவு சொல்வதாக இருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஏன் என்று புதிதாக எழுத வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் தொழிலில் கதையைப் படிப்பவர் குறைவு. வாயால் சொல்வதுதான் வழக்கம். பிறர் படங்களில் கோ-டைரக்டராக இருந்தே எனக்குத் தலை நரைத்தது. டிஸ்கஷனில் என் பட்டப்பெயர் ஆர்க்கெஸ்ட்ரா. சீனில் சரக்கு குறைந்தால் வாயாலேயே மியூசிக் போட்டு ஒப்பேற்றிவிடுவேன்.

1. ஒன்லைன்

அந்தோணி அண்ணனுக்கு ஒன்லைன், அதாவது கதைச்சுருக்கம், சொன்னது ஐப்பசி மழையில். உப்புப் பாத்திகளில் மழைத் தண்ணீர் நிற்கும் மாதங்களில் உப்பள முதலாளிகளுக்குக் கதை கேட்க நேரம் இருக்கும். அப்பா செத்ததும் உப்பளத்துக்காக அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொள்ளத் துணிகிறார்கள். தங்கை செல்வி தன் பங்கைக் கேட்டு வந்து நிற்கிறாள். இன்டர்வெல். அண்ணனாக உறுமினேன், தம்பியாக அழுதேன், நடுவில் வயலினும் வாசித்தேன். அந்தோணி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதி எடுத்துட்டு வாங்க. பொங்கல் போச்சுன்னா உப்பு எடுக்கப் பாத்தி மிதிக்க எறங்கிடுவேன். அப்புறம் படமாவது ஒண்ணாவது."

பொம்மையார்பாளையத்தில் அறை எடுத்து சீன் ஆர்டர் போட்டேன். இரண்டாம் பாதியில் இடித்த இடத்தையெல்லாம் 'சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று தாண்டி எழுதினேன்.

2. வாசிப்பு

அண்ணி சகாயமேரி ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். போர் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் ஒரே குரல். அந்தக் குரலில் என் படம் தொடங்கியது.

சண்டை சீன் வந்ததும் என் வாய் தன்னால் "டம்... டம்..." என்றது.

"சும்மா இருங்க, அவ படிக்கிறாள்ல" என்றார் அண்ணன்.

"இந்த இடத்தில் தம்பி அழுவது பார்ப்பவர் நெஞ்சை உலுக்குகிறது" என்று வாசித்த அண்ணி நிறுத்தி, வீட்டுக்காரரைப் பார்த்தார். "உலுக்குதா?"

அண்ணன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியே."

"சரி" என்று அண்ணி பக்கத்தைப் புரட்டினார்.

பாத்ரூம் என்று சொல்லி எழுந்தேன். கொல்லை வழியாகப் போனால் ஈ.சி.ஆரில் சென்னை பஸ் பிடிக்கலாம். கொல்லையில் நாய் கட்டியிருந்தது. வந்து உட்கார்ந்துவிட்டேன்.

முடித்ததும் அண்ணி கேட்டார்: "பங்கு கேட்டு வந்து நின்னாளே செல்வி, இன்டர்வெல்லுக்கு அப்புறம் எங்க போனா?"

அவள் எங்கும் போகவில்லை. நான்தான் மறந்துவிட்டேன். ஒன்லைன் சொன்னபோது அந்த இடத்தில் வயலின் வாசித்ததால் யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

"அவ... ஊருக்குப் போயிட்டா அண்ணி."

"பங்கு வாங்காமயா?"

"மெதுவா பேசுடி, உங்க அண்ணனுங்க காதுல விழுந்துடப் போவுது" என்று சிரித்தார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "திருப்பி எழுதுங்க டைரக்டரே. பொங்கலுக்கு முன்னாடி வந்தா பாப்போம்."

3. இரண்டாவது டிராஃப்ட்

முதலில் 'நெஞ்சை உலுக்குகிறது' வகையறாக்களை அடித்தேன். இரண்டாம் பாதி எலும்பும் தோலுமாக நின்றது. செல்வியை ஊருக்கு அனுப்பாமல், பங்கு தரும்வரை எழுவதில்லை என்று உப்பள வரப்பிலேயே உட்கார வைத்தேன். அவள் உட்கார்ந்ததும் எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது. வெட்டிக்கொள்ள நின்ற அண்ணனும் தம்பியும் அவளை எழுப்ப ஒன்று சேர்ந்தார்கள். எனக்குப் படம் அங்கேதான் கிடைத்தது.

மறுபடியும் அதே வீடு, அதே குரல். கிறிஸ்துமஸுக்குச் சுட்டதில் மிஞ்சிய அதிரசத்தை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வி வரப்பில் உட்காரும் சீனில் அண்ணியின் குரல் நின்றது. போச்சு என்று நினைத்தேன். பார்த்தால், கண் மட்டும் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கம் புரண்டது.

"ஏய், சத்தமா படி. என்ன ஆச்சு அவளுக்கு?" என்றார் அண்ணன்.

"இருங்க" என்றார் அண்ணி, தலையைத் தூக்காமல்.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் தோள்வழியாக எட்டிப் படிக்க ஆரம்பித்தார். படம் எடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னது சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். டிராஃப்டை நடிக்கத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். முடியாவிட்டால் அதிரசம் நல்லது.