ஹாரன் கேட்டால் மாஸ்க்கைக் கழற்றுகிறவர்

என் கணவர் பொய் சொல்கிறார். கொரோனா வார்டில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை ஒரு தடவைகூடக் கழற்றவில்லையாம். அந்தமானில் சாத்தத்திலிருந்து பாம்பூஃப்ளாட் போகும் படகில் ஏறுகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் அடுத்த கட்டிலில்தான் கிடந்தேன். என் மூக்கில் சின்னக் குழாய், அவர் முகத்தில் பை வைத்த பெரிய மாஸ்க். எல்லாவற்றையும் பார்த்தேன்.

அந்தப் படகில் முப்பது வருஷம் கரைக் கயிறு கட்டும் வேலை பார்த்தவர் அவர். படகின் ஹாரன் வார்டு ஜன்னல் வரை கேட்கும். கேட்டதும் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, மூச்சிரைக்க, "ஏழு நிமிஷம் லேட்டு" என்பார். யாரும் அவரைக் கேட்கவில்லை. தொண்ணூற்றிரண்டில் இருந்த ஆக்ஸிஜன் அளவு எண்பத்தைந்துக்கு இறங்கும். மிஷின் கத்தும்.

"அங்கிள், மாஸ்க் மத் நிகாலோ!" என்று, கழற்றாதீர்கள் என இந்தியில் திட்டிக்கொண்டே நர்ஸ் ஓடிவந்து மாட்டிவிடுவாள்.

"மொதல்ல உங்க மூச்சு டயத்துக்கு வருதான்னு பாருங்க" என்றேன்.

"அது என்ன கவர்மென்ட் படகா? வரும்டி." இதைச் சொல்வதற்கும் மாஸ்க்கைக் கழற்றினார்.

மூன்றாம் நாள் மாஸ்க் போட்டும் அளவு எண்பத்தெட்டைத் தாண்டவில்லை. டாக்டர் வந்தார். "குப்புறப் படுக்கணும். மாஸ்க் முகத்துலயே இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள நம்பர் ஏறலன்னா தொண்டையில குழாய் விட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும்."

வைத்தால் பிழைப்பாரா என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் போனதும் இவரிடம் சொன்னேன்: "இனிமே வாயத் தொறக்கக் கூடாது. எத்தனை நிமிஷம் லேட்டுன்னு விரலக் காட்டுங்க. சொல்றத நான் சொல்லிக்கறேன்."

அடுத்த ஹாரன் கேட்டது. குப்புறக் கிடந்தவர் கட்டிலுக்கு வெளியே தொங்கிய கையில் நாலு விரலை நீட்டினார்.

"நாலு நிமிஷம் லேட்டு!" என்று வார்டுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"சிர்ஃப் சார்? ஆஜ் ஜல்தி ஆ கயா!" என்றார் எதிர்க் கட்டில் பெங்காலிக்காரர். நாலுதான் என்றால் இன்று சீக்கிரம் வந்துவிட்டதாம். மாஸ்க்குக்குள் இவர் சிரித்ததில் முதுகு குலுங்கியது. ஆனால் கழற்றவில்லை.

சாயங்காலம் நம்பர் தொண்ணூற்று மூன்று. குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். என் கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்குக் குழாய் அரித்தால் யாருக்கும் வரும். அதைத்தான் இவர், நான் ஓவென்று அழுததாகப் படகில் சொல்லிவைத்திருக்கிறார்.

சரி, என் வீட்டுக்காரரே, நீங்கள் சொல்கிறபடி அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலைப் படகில் நானும் வருகிறேன். ஏறியிருக்கும் அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்: அந்த மாஸ்க்கை எத்தனை தடவை கழற்றினீர்கள்? விரலைக் காட்டக் கூடாது. வாயைத் திறந்து சொல்லுங்கள்.