கடற்கரைக் கட்டுரை

நீதிமன்றம் அனுப்பிவைக்கும் பையன்கள் இருக்கும் சீர்திருத்த இல்லம் ஒன்றில், சனிக்கிழமைதோறும் தேர்வுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அங்கே நான் செய்ததை நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

'குடும்பத்துடன் வெளியே சென்ற நாள்' என்று தலைப்புக் கொடுத்தேன். பதினைந்து வயது கவின், நீதிமன்றத்துக்குப் போன நாளை எழுதியிருந்தான். பிரிந்துபோன அப்பா, தான் இப்போது குடியிருக்கும் பொங்கோலிலிருந்து வந்தாராம். தீர்ப்புக்கு முன் அப்பா, அம்மா, தம்பி, அவன் என நால்வரும் ஒரே மேசையில் பரோட்டா சாப்பிட்டார்களாம்.

சிவப்பு மையால் முழுவதையும் அடித்தேன். தேக்கா கடைத்தெருவில் வாங்கிய மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தை நீட்டினேன்.

"இந்தக் கடற்கரைக் கட்டுரையை மனப்பாடம் பண்ணு."

"நாங்க கடற்கரைக்குப் போனதே இல்ல சார்."

"யாருக்குத் தெரியப்போகுது? பாஸாகணுமா வேணாமா?"

"இங்க பொய் சொன்னா பனிஷ்மென்ட். நீங்க மார்க்குக்குப் பொய் எழுதச் சொல்றீங்க. நல்லா இருக்கு லா!"

மற்ற பையன்கள் சிரித்தார்கள். "வாயை மூடிட்டு எழுதுடா!" என்று கத்தினேன்.

எழுதினான், தேறினான். இல்லத்தில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். குடும்பத்தைப் பற்றி அவன் மனசாரச் சொன்ன ஒன்றை நான் அடித்துப் போட்டது யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போன அப்பா, எங்களை எந்தக் கடற்கரைக்கும் கூட்டிப்போனதில்லை. நானும் அதே கட்டுரையை ஒப்பித்துத்தான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். என் அப்பாவைப் பற்றி உண்மையாக, பத்து வருடப் பள்ளிப்படிப்பில் ஒரு வரிகூட எழுதியதில்லை.