புளி குடித்த வண்டி

வண்டியை விற்பதென்று முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் கொழுந்தன் என்னிடம் சொன்னான். பாகூருக்கும் பாண்டிக்கும் வாடகை ஓட்ட என் புருஷன் ஆசையாக வாங்கிய கார் அது. அவர் போன பிறகு எனக்கும் என் மகளுக்கும் சோறு போட்டது அந்தக் கார்தான். ஓட்டியவன் கொழுந்தன், உடையவள் நான். இந்த இரண்டாவது விஷயம் மட்டும் அவனுக்கு அடிக்கடி மறந்துபோகும்.

"தண்ணி நிக்கல அண்ணி, ஒழுவிக்கினே இருக்குது. ரேடியேட்டர் செத்துப்போச்சு. நாளைக்குப் பட்டாளத்து சொல்தா ஒருத்தரு வந்து பாக்கறாரு. தள்ளி வுட்டுடலாம்" என்றான்.

ஆயுத பூசை வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகாத வண்டி அது. பூசைக்கு முதல் நாள் இவன் என்ன செய்தான் தெரியுமா? பித்தளையைப் புளி போட்டுத்தானே துலக்குவோம், ரேடியேட்டரும் பித்தளைதானே என்று வெளியே தேய்த்தான். அதோடு விட்டானா? புளியைக் கரைத்து உள்ளேயும் ஊற்றி ஊறவைத்தான். உள்ளே படிந்திருந்த உப்பு கரைந்து போனது. பழைய ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்ததே அந்த உப்புதான். செய்வதையும் செய்துவிட்டு, வண்டி செத்துப்போச்சாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனையும் புளி போட்டுத் துலக்கியிருப்பேன்.

அவன் வெளியே கிளம்பியதும் ரப்பர் குழாய்களையும் போல்ட்டுகளையும் கழற்றினேன். ரேடியேட்டரைத் தூக்கி மாட்டுத் தொட்டியில் அமிழ்த்தினேன். மற்ற வாய்களைத் துணியால் இறுக அடைத்து, ஒரு குழாயில் வாய் வைத்து ஊதினேன். அடி ஓரத்தில் குமிழி கிளம்பியது.

எதிர்வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "தாலியறுத்தவ காரைப் பிரிச்சுப் போட்டுக்கினு இன்னாடி வேல இது?"

"ஓட்டப் பாத்திரத்த நீ அடைக்க மாட்டியா? இது கொஞ்சம் பெரிய பாத்திரம்க்கா."

புருஷனின் பற்றவைக்கும் இரும்பை அடுப்புக் கரியில் காய்ச்சி, ஈயம் ஒட்டிக்கொள்ள நவச்சாரம் தடவி, அவர் செய்யப் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரியே ஈயம் வைத்தேன். முதல் ஈயம் உருண்டோடி என் பாதத்தில் விழுந்தது. வாய்விட்டுக் கொழுந்தனைத் திட்டினேன், எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. அடுத்தது பிடித்துக்கொண்டது. ரேடியேட்டரைத் திரும்ப வண்டியில் மாட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

மறுநாள் பாண்டியிலிருந்து சொல்தா வந்தார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். எஞ்சினை ஓடவிட்டு, குனிந்து அடியில் தடவிப் பார்த்தார். கை நனையவில்லை.

கொழுந்தன் என் காதருகே வந்தான். "ஒழுவலன்னா இன்னும் நல்ல வெல கெடைக்கும் அண்ணி!"

"ஒழுவனப்பயும் அது என்னுது. இப்பயும் என்னுது. விக்கல."

"ஆம்பளைங்க பேசி முடிச்சதுல நீ வந்து..."

அவன் முடிக்கும்வரை நான் நிற்கவில்லை. சொல்தாவுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டேன். "பாண்டிக்குத்தான போவணும்? ஏறிக் குந்துங்க ஐயா. வாடகைய எங்கிட்ட குடுங்க."

அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடியிலிருந்து பணத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்டியரிங் பக்கம் போனான்.

"இறக்கி வுட்டுட்டு நேரா வூட்டுக்கு வா. சாயங்காலம் சவாரி இருக்குது" என்றேன்.

அதுவரை என்னை எதிர்த்தே பேசிப் பழகியவன், "சரிங்க" என்றான்.