தோழிக்கு வந்த போன்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறை. அப்போது நாங்கள் திருப்பூர் ராயபுரத்தில் குடியிருந்தோம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முழு உதவித்தொகையோடு பட்டப்படிப்பு படிக்கலாம் என்று தெரிந்ததும், நானும் என் வகுப்புத் தோழியும் விண்ணப்பித்தோம். பிரவுசிங் சென்டரில் அதைக் கண்டுபிடித்ததே நான்தான். துணைக்கு ஒருத்தி இருக்கட்டுமே என்று அவளையும் போடச் சொன்னேன். அவள் அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர். வீட்டில் போன் கிடையாது. அதனால் எங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தாள்.

எனக்கு 'வருந்துகிறோம்' என்று மெயில் வந்துவிட்டது. அவளுக்கு எதுவுமே வரவில்லை. அதில் எனக்கொரு ஆறுதல் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒருநாள் மாலை போன் அடித்தது. எடுத்தால், வெளிநாட்டு ஆங்கிலத்தில் ஒரு பெண். நாளை நான்கு மணிக்கு இதே எண்ணில் என் தோழிக்கு நேர்காணல், சொல்லிவிட முடியுமா என்று கேட்டார். "ஷ்யூர்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வயிறு எரிந்தது. வகுப்பில் எப்போதும் நான்தான் முதல் ரேங்க். என்னிடம் இல்லாத எதை அவளிடம் கண்டார்கள்?

"யாரு கண்ணு போன்ல?" என்றார் அம்மா.

"ராங் நம்பர்ம்மா."

அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நான் போகவில்லை. காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். காலையில், மதியம் சொல்லலாம் என்று தோன்றியது. மதியமும் போனது.

மூன்றரை மணிக்கு அவளே எங்கள் வாசலில் நின்றாள். இஸ்திரி போட்ட சுடிதார், கையில் ஒரு பிரிண்ட் அவுட்.

"என்ன கண்ணு, இந்த வெயில்ல?" என்றார் அம்மா.

"நாலு மணிக்கு எனக்கு இங்க போன் வருதுங்கம்மா, இன்டர்வியூ. இவ நேத்தே சொல்லிட்டாளுங்க. நான்தான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம வந்துட்டேன்."

என்னைப் பார்க்காமலே சொன்னாள். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். 'ராங் நம்பர்' அவருக்கு விளங்கிவிட்டது. டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

போன் பக்கத்தில் அவள் வைத்த தாளைப் பார்த்தேன். அன்று காலை வந்த மெயில். 'நேற்று உங்கள் எண்ணில் பேசிய பெண்ணிடமும் நேரத்தைத் தெரிவித்திருக்கிறோம்' என்று கடைசி வரி.

நேர்காணல் அரை மணி நேரம் நடந்தது. நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஆங்கிலம் திக்கித் திணறியது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்றாள். விடுமுறைக்குப் பனியன் கம்பெனியில் தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போவதைத் தயங்காமல் சொன்னாள். என் விண்ணப்பத்தில் நான் அளந்திருந்ததெல்லாம் நினைவுக்கு வந்து எனக்குக் கூசியது.

கேட் வரை கூடப் போய், "அம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"பின்ன? உங்கம்மா முன்னால உன்னைய உட்டுக்குடுக்கச் சொல்றியா?" என்றவள், கேட்டைத் திறந்துகொண்டே, "மெயில் பாத்ததுக்கப்புறமும் மூணு மணி வரைக்கும் நீ வருவீன்னு ஊட்லயேதான் இருந்தேன்" என்றாள்.

அவளுக்கு இடம் கிடைத்தது. நான் கோயம்புத்தூரில் பி.காம். சேர்ந்தேன். அவள் விமானம் ஏறியபோது எனக்கு வந்த பொறாமை சில வருடங்களில் தணிந்துவிட்டது. ஆனால் மனம் நொந்து நின்ற அந்த நேரத்திலும் என்னைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு பொய் வந்ததே, அந்த மனசின் மேல் உள்ள பொறாமை மட்டும் இன்றுவரை எனக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம்.