மச்சான் வாரிய குப்பை

அணையின் நீர்த்தேக்கத்தில் படகோட்டும் அந்த மனிதருக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர் வந்து ஆறு மாதம் இருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டதால் வந்த பெயர் இல்லை. அவர் பொறுப்பில் இருக்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எஞ்சினியர் எல்லார் முன்னாலும் ஒருநாள் சொல்லிவிட்டார். ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டம் கிடைத்தால் யாருக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தானே செய்யும்? இவருக்கோ யாராவது அப்படிக் கூப்பிட்டால் கழுத்தில் சூடு ஏறும். காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை இதுதான். டர்பைனுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கு முன்னால், பெரிய பெரிய பீப்பாய்களைச் சங்கிலியில் கோத்து, தண்ணீரின் குறுக்கே ஒரு மிதவை வேலி போட்டிருக்கிறார்கள். மழை அடித்துக்கொண்டு வரும் கிளை, ஆகாயத்தாமரை, பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாம் அதில் வந்து ஒதுங்கும். (செருப்பு ஜோடியாக வந்ததாகச் சரித்திரமே இல்லை.) அதையெல்லாம் கொக்கி போட்டு இழுத்து, படகில் கரை சேர்ப்பது கண்ணாடியின் பாடு. வேலியையும் தாண்டி வருவதை, வாய்க்கு முன்னால் வரிசையாக நிற்கும் இரும்புக் கம்பிகள் தடுக்கும். கம்பியில் அடைத்ததை மெஷின் வைத்து வாரி மேலே எடுப்பவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். கம்பி அடைத்தால் டர்பைனுக்குத் தண்ணீர் குறையும், கரண்ட் குறையும், எஞ்சினியரின் குரல் கூடும்.

படகு போய்வர மிதவை வேலியில் ஒரு வழி உண்டு. ஒரு இரும்பு ஆணியை உருவினால் திறக்கும். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சாரல், இடுப்புவலி, வீட்டுக்குப் போகும் நேரம். கண்ணாடி ஆணியை உருவினார். இரண்டு மணி நேரம் இழுக்க வேண்டிய குப்பை, ஐந்து நிமிடத்தில் தானாக நழுவி மச்சானின் கம்பியைப் பார்த்துப் போனது. ‘அங்கே மெஷின் இருக்கு, இங்கே என் இடுப்புதான் இருக்கு’ என்று மனசுக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். சோம்பலுக்கு இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்காமல் விடுமா? மறுநாளும் உருவினார், அதற்கு மறுநாளும் உருவினார்.

அவருடைய தண்ணீர் கண்ணாடியானது. மச்சானின் கம்பி குப்பைமேடானது. “முன்னவிட இப்ப ரொம்ப வருது சார்” என்று மச்சான் சொன்னதற்கு, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க மாப்பிள்ளையைப் பாருங்க, எவ்வளவு சுத்தமா வச்சிருக்கார்” என்றார் எஞ்சினியர். கண்ணாடி அப்போது பக்கத்தில்தான் நின்றார். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு மச்சான் ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்கு வர ஆரம்பித்தார். வாரிய இடத்தையே மறுபடி வாரிப் பார்ப்பார்.

“அண்ணன் ரொம்ப வாடிப்போயிட்டாருங்க” என்று மனைவி வீட்டில் சொன்னாள். “வயசாயிடுச்சோ என்னமோ. நீங்க கொஞ்சம் வேலை நெளிவுசுளிவு சொல்லிக் குடுக்கக் கூடாதா?”

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் கண்ணாடிக்குப் புரையேறியது.

போன வாரம் மலைப்பக்கம் பெய்த மழையில் தண்ணீர் கலங்கி ஏறியது. அன்று மத்தியானமே ஆணியை உருவியவர், குப்பை அதிகம் என்பதால் வழியை மூடாமல் கொட்டகையில் போய் ஒதுங்கினார். வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த ஒரு மரம், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததுபோல அந்த வழியாகவே நுழைந்து கம்பியில் மோதியது. மூன்று கம்பிகள் வளைந்தன. டர்பைனை நிறுத்த வேண்டியதாயிற்று. யாரும் பார்ப்பதற்குள் கண்ணாடி படகை எடுத்துப்போய் ஆணியைச் சொருகிவிட்டார். அத்தனை பதற்றத்திலும் அதற்கு மட்டும் கை ஒழுங்காக வேலை செய்தது.

“வேலி மூடியிருந்துச்சா?” என்று விசாரணையில் எஞ்சினியர் கேட்டார்.

“மூடித்தான் சார் இருந்துச்சு.”

மச்சான் முந்திக்கொண்டார். “மாப்பிள்ளை வேலையில குத்தமே சொல்ல முடியாது சார். வெள்ளத்துல மரம் அடியில முங்கி வந்திருக்கும். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே மனிதர் தானாக நடந்துபோய்ப் பழிக்குத் தலையைக் கொடுத்தார். கண்ணாடி மறுபடியும் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். வெட்கமாக இருந்தது. கூடவே, வேலை தப்பியதே என்று ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

“நாளைக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். தப்பு இருந்தா சொல்லுங்க மாப்பிள்ளை.”

ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கும் மனிதர், ‘முதுமை காரணமாக என்னால் வேலையை முன்போலச் சரிவரச் செய்ய இயலவில்லை. என்னை விடுவிக்க வேண்டுகிறேன்’ என்று எழுதியிருந்தார். ‘முதுமை’யை ஒருமுறை அடித்துவிட்டு, வேறு சொல் கிடைக்காமல் அதையே மறுபடி எழுதியிருந்தார். கண்ணாடி அதை மூன்று தடவை படித்தார். நாலாவது தடவை எழுத்து தெரியவில்லை.

“இதைக் குடுக்காதீங்க மச்சான்.”

“ஏன், எழுத்துப்பிழையா?”

“தப்பு என்னுது. அன்னைக்கு வழியை நான்தான் திறந்து வச்சிருந்தேன்.” நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று ஒரே மூச்சில் சொன்னார். “அன்னைக்கு மட்டும் இல்ல. ஏழு மாசமா என் குப்பையை உங்க பக்கம் தள்ளி விட்டுக்கிட்டு இருக்கேன். காலையில எஞ்சினியர்கிட்ட நானே சொல்லிடறேன்.”

சமையலறை வாசலில் மனைவி ஈரத்துணியும் கையுமாக நின்றுவிட்டாள். கணவனை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் பார்க்கவே இல்லை. மச்சான் எழுந்து சட்டையைப் பிடிப்பார் என்று கண்ணாடி காத்திருந்தார். பிடித்தால் தேவலை என்றிருந்தது.

மச்சான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. “தினமுமா?” என்றார்.

“தினமும்.”

“அப்ப ரெண்டு பேர் குப்பையையும் நான் ஒருத்தனாவா வாரியிருக்கேன்?”

“ஆமா மச்சான்.”

அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். ஏழு மாதமாகக் காணாத சிரிப்பு முகமெல்லாம் பரவியது. கண்ணில் நீரும் கூடவே வந்தது.

“கேட்டியாம்மா? எனக்கு ஒண்ணும் ஆகலையாம். நான் நல்லாத்தான் வேலை பார்த்திருக்கேன்.”