திரைக்கு முன்னால் வந்த தகப்பன்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் எப்போதும் மூக்கின்மேல்தான் இருக்கும். அதிலும் 'அமெச்சூர்' என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் போதும், எரிந்து விழுவார். சம்பளத்துக்கு நடிக்கிறவர்கள் அவருடைய நாடகக் குழுவைக் கத்துக்குட்டிகள் என்றார்கள். அக்கம்பக்கத்தார் பொழுது போகாத கூட்டம் என்றார்கள். அவர்கள் கிடக்கிறார்கள். குழுவே தன் பெயருக்குக் கீழே 'அமெச்சூர்' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

போட்டது செயலாளர். வங்கி அதிகாரி. நடித்ததே கிடையாது, மைக் கிடைத்தால் மட்டும் விடமாட்டார்.

"அப்படிப் போட்டாதான் சார், நாம சொதப்பினாலும் ஜனங்க பெரிசா எடுத்துக்க மாட்டாங்க" என்பார். தப்பு செய்வதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டு வைக்கிற ரகம்.

குழுவில் இருந்த ஒரு பாழாய்ப்போன வழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். திரை விலகுமுன் முன்னால் வந்து நின்று, யார் யார் பகலில் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அறிவிப்பார். போன வருடம், "அரசராக நடிப்பவர் நம்ம லிஃப்ட் மெக்கானிக்" என்று சொல்லிவிட்டுப் போனார். அரசர் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன், "ராஜா, எங்க பில்டிங் லிஃப்ட் எப்ப ஓடும்?" என்று கேட்டான். அரசாட்சி அத்தோடு முடிந்தது.

இந்த வருடம் மகனைப் பறிகொடுத்த தகப்பன் வேடம். மொட்டைமாடி மோட்டார் அறையில், கையில் கிரீஸோடு, வசனம் பேசிப் பேசிப் பழகினார். வீட்டில் பேசியபோது மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை ஜனங்கள் மெக்கானிக்கை மறந்து தகப்பனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"இந்தத் தடவை என் வேலையைப் பத்தி மூச்சு விடக்கூடாது" என்று செயலாளரிடம் முகத்துக்கு நேரே சொன்னார்.

"சத்தியமா சொல்ல மாட்டேன் சார்."

சொன்னார். செத்துப்போன மகனின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் காதில் எல்லாம் விழுந்தது.

"தகப்பனா நடிக்கிறவர், லிஃப்ட் நடுவுல நின்னுட்டா நாம எல்லாரும் கூப்பிடுற மெக்கானிக். ஏதாவது குறை இருந்தா பொறுத்துக்குங்க."

கூட்டம் சிரித்தது. மெக்கானிக்குக்குக் கண்மண் தெரியவில்லை. சட்டையும் கையுமாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"செயலாளரா நடிக்கிற இவரு பேங்க்ல வேலை பாக்குறாரு. பல வருஷமா நடிக்கிறாரு, இன்னும் வரல. பாவம், அமெச்சூர். பொறுத்துக்குங்க."

அரங்கம் அதிர்ந்தது, விசில் பறந்தது. செயலாளரும் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை.

பிறகு நாடகம் நடந்தது. அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் அடுத்த ஜோக்குக்காகக் காத்திருந்தார்கள். சட்டையை மடித்தபடி, "ஒரு தடவைகூடப் போடலியேடா" என்று அவர் குரல் உடைந்ததும் கொல்லென்று சிரித்தார்கள்.

முடிந்ததும் செயலாளர் தோளில் கை போட்டார். "பிரமாதம் சார். அடுத்த நாடகத்தையும் இதே மாதிரி ஆரம்பிச்சிடலாம்."

மெக்கானிக் அந்தக் கையைத் தட்டிவிட்டு வெளியேறினார். வீடு போகும் வழியெல்லாம் அவனைக் கரித்துக் கொட்டினார். குடியைக் கெடுத்தவன், துரோகி, வாயில் வந்ததெல்லாம் சொன்னார். நாடகம் பார்க்க வந்திருந்த மனைவி கூடவே நடந்தாள். வாசல் பூட்டைத் திறக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"அந்தாளு சொன்னதை ரெண்டு வசனத்துல மறந்திருப்பாங்க. நீங்க சொன்னதை எப்படி மறக்கிறது? சட்டையை மடிச்சீங்கல்ல, அப்ப நானும் சிரிச்சுட்டேங்க."